ரொட்டிக்கல்லில் மாட்டிறைச்சி பர்கர்

எங்கள் வீட்டில் ஒரு பழைய இறைச்சி மெஷின் இருக்கிறது. மேசை விளிம்பில் திருகி இறுக்கி, கைப்பிடியைச் சுற்றி அரைக்கிற வார்ப்பிரும்பு மெஷின். தாத்தா இலங்கை மலைநாட்டில், டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பங்களா கோக்கியாக, அதாவது சமையற்காரராக இருந்தவர். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது தோட்டத்தை நடத்திய கடைசித் துரை ஊருக்குக் கிளம்பினார். போகும் முன், அடுப்படிச் சாமானில் உனக்கு என்ன வேண்டும் என்று தாத்தாவிடம் கேட்டாராம். தாத்தா இதைக் கேட்டு வாங்கியிருக்கிறார். நாங்கள் இருந்த லயத்துக் காம்பராவில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டு அறையில், அப்போது மேசை கிடையாது. இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) இருந்த பலகையில் பூட்டித்தான் அரைப்பாராம். நத்தாருக்கு (கிறிஸ்மஸுக்கு) ஒரு தடவை, உயிர்த்த ஞாயிறுக்கு ஒரு தடவை. அதில் அரைத்ததெல்லாம் கட்லட்டுக்குத்தான் போகும்.

நான் தோஹாவில் ஆறு வருடம் ஒரு பர்கர் கடை அடுப்படியில் வேலை செய்தேன். திரும்பி வந்ததும் வீட்டில் எல்லோரும் கேட்டது அதைத்தான். அண்ணன் மகனின் புதுநன்மைக்கு (முதல் நற்கருணை விழாவுக்கு) நானே செய்து தருகிறேன் என்று சொல்லி, டவுனில் ஒரு கடையில் அரைத்து வைத்திருந்த இறைச்சி இரண்டு கிலோ வாங்கினேன். தோஹாவில் செய்த மாதிரியே தட்டி, அதே மாதிரியே சுட்டேன். கல்லில் போட்ட ஐந்து நிமிடத்தில் உள்ளங்கை அளவு இருந்தது தேங்காய்ச் சில்லு அளவுக்குச் சுருங்கிவிட்டது. பிள்ளைகள் ஒரு கடி கடித்துவிட்டு பணிஸை (பன்னை) மட்டும் தின்றார்கள். அன்றைக்கு எனக்கு மனம் மிகவும் கஷ்டப்பட்டது.

அடுத்த தடவை அம்மா, "கிழங்கு சேர்த்தா மெதுவா இருக்கும்" என்றார். அவித்த உருளைக்கிழங்கு, முட்டை, பாண்தூள், வெங்காயம், மல்லித்தூள் எல்லாம் போட்டுப் பிசைந்து செய்தோம். மெதுவாக இருந்தது, ருசியாகவும் இருந்தது. ஆனால் அது பணிஸுக்குள் வைத்த கட்லட். பர்கரைக் கடிக்கும்போது வாயில் நிறைய வேண்டியது மாட்டிறைச்சியின் சாறும் ருசியும். கிழங்கும் தூளும் சேர்ந்தால் அது அமுங்கிப் போகிறது.

எங்கே பிழை விட்டேன் என்று பிறகுதான் விளங்கியது. தோஹாவில் எங்கள் கைக்கு வந்தது பெட்டியில் அடைத்த, கொழுப்போடு சேர்த்து அரைத்த இறைச்சி. அமெரிக்காவில் அரைத்த இறைச்சியைக் கொழுப்பின் அளவை எழுதித்தான் விற்பார்கள். பர்கருக்கு எல்லோரும் விரும்பி எடுப்பது நூற்றுக்கு 80 பங்கு இறைச்சி, 20 பங்கு கொழுப்பு. எங்கள் நாட்டில் இறைச்சிக்கென்றே கொழுக்க வைத்து வளர்க்கும் மாடு குறைவு. கடைக்கு வருவது புல் தின்று, நடந்து திரிந்து, வயது போன மாடு. சதை இறுக்கமாக இருக்கும், இடையில் கொழுப்பின் வெள்ளை வரி ஓடாது. கறிக்கு அது அருமையான இறைச்சி. ஒன்றரை மணி நேரம் மெல்லக் கொதித்தால் பஞ்சாகும். பர்கர் கல்லில் நிற்பது ஏழெட்டு நிமிடம்தான். அந்த நேரத்துக்குள் அதை மெதுவாக்கக் கூடியது கொழுப்பு ஒன்றுதான். ஆகவே கொழுப்பை நாமே வாங்கி, நாமே சேர்க்க வேண்டும். இந்தக் குறிப்பில் நான் வலியுறுத்திச் சொல்வதும் அதுதான். மற்றதில் கொஞ்சம் முன்பின் ஆனாலும் சமாளிக்கலாம்.

இறைச்சி வாங்குவது

எட்டு பர்கருக்கு எலும்பில்லாத இறைச்சி 800 கிராம், கொழுப்பு 200 கிராம். முன் சப்பை (முன்னங்கால் தோள் பக்கத்து) இறைச்சி கேளுங்கள். அதுதான் ருசி. கழுத்துப் பக்கமும் நல்லது, ஆனால் சவ்வு அதிகம், சுத்தம் செய்ய நேரம் எடுக்கும். தொடை இறைச்சி பார்க்க அழகாக இருக்கும், விலையும் கூட, ஆனால் பர்கருக்கு அது வறண்ட இறைச்சி. அந்தக் காசைக் கொடுக்க வேண்டாம்.

கொழுப்பில் இரண்டு வகை உண்டு. கிட்னியைச் சுற்றியிருக்கும் கொழுப்பு வெள்ளை வெளேரென்று, கையில் உடைத்தால் மெழுகு மாதிரி உதிரும். அது உருக அதிக சூடு வேண்டும். சுட்ட பர்கர் கொஞ்சம் ஆறியதும் அது மறுபடி இறுகி மேல் அண்ணத்தில் பூசிக்கொள்ளும். இந்தக் குளிரில் தட்டில் இரண்டு நிமிடம் வைத்தாலே போதும், அப்படி ஆகிவிடும். நெஞ்சுப் பக்கத்துக் கொழுப்பு கொஞ்சம் மஞ்சளாக, விரலால் அழுத்தினால் அமுங்குகிற மாதிரி இருக்கும். பர்கருக்கு அதுதான். கிடைக்காவிட்டால் இரண்டையும் பாதிப் பாதி கலந்துகொள்ளலாம்.

நான் போகும் கடையில் முதல் தடவை, "நானா, சப்பையில 800, நெஞ்சுக் கொழுப்பு தனியா 200" என்று கேட்டதும் அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். "எல்லாரும் கொழுப்ப வெட்டிப் போடுங்கன்னு சொல்றாங்க, நீங்க காசுக்குக் கேக்குறீங்களே தம்பி." இப்போது நான் கேட்காமலே எடுத்து வைத்துவிடுகிறார். பெரும்பாலும் அதற்குக் காசும் எடுப்பதில்லை.

காலையிலேயே போங்கள். போயா (பௌர்ணமி) நாளில் நாடு முழுக்க இறைச்சிக் கடை மூடியிருக்கும் என்பது தெரிந்ததுதான். வெசாக் காலத்தில் அதைவிட அதிக நாள் மூடியிருக்கும். பிறந்தநாள், விருந்து என்று திட்டம் போடுகிறவர்கள் முதலில் கலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். போயாவுக்கு முதல் நாள் மத்தியானம் போனால் மிச்சம்மீதிதான் கிடைக்கும்.

கடையிலேயே அரைத்துத் தருவார்கள் என்றால், நீங்கள் தேர்ந்தெடுத்த துண்டையும் கொழுப்பையும் உங்கள் கண் முன்னால் சேர்த்து அரைக்கச் சொல்லுங்கள். முன்பே அரைத்து வைத்ததை வாங்காதீர்கள். அதில் எந்தப் பகுதி இருக்கிறது, எப்போது அரைத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

கழுவுவதும் அரைப்பதும்

எங்கள் வீடுகளில் இறைச்சியைக் கழுவாமல் சமைப்பது கிடையாது. கழுவுங்கள், ஆனால் முழுத் துண்டாக இருக்கும்போது மட்டும். தண்ணீர் தெறிக்காமல் மெதுவாகக் கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி ஒற்றி, ஈரமே இல்லாமல் துடைத்து எடுங்கள். தொட்டியையும் பிறகு சோப் போட்டுக் கழுவ வேண்டும். அரைத்த இறைச்சியைக் கழுவவே கூடாது. வடிகட்டியில் போட்டு அலசினால் ருசியெல்லாம் தண்ணீரோடு போய்விடும். மிஞ்சியதும் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு கல்லில் சிவக்காமல் அவியும்.

பிறகு வெள்ளைச் சவ்வை எல்லாம் கத்தி நுனியால் தூக்கி இழுத்து எடுங்கள். சவ்வு விட்டால் அது மெஷின் கத்தியைச் சுற்றிக்கொண்டு, வெட்டுவதற்குப் பதில் இறைச்சியை நசுக்கும். இறைச்சியையும் கொழுப்பையும் இரண்டு சென்றிமீற்றர் துண்டுகளாக வெட்டி, ஒரு தட்டில் பரப்பி, பிரிஜின் ஐஸ் தட்டில் அரை மணி நேரம் வையுங்கள். விரலால் அழுத்தினால் வெளிப்பக்கம் விறைத்தும் உள்ளே கொஞ்சம் மெதுவாகவும் இருக்க வேண்டும். மெஷினின் கத்தியையும் சல்லடைத் தட்டையும் கூடவே உள்ளே வைத்துவிடுங்கள்.

இந்த விஷயத்தில் மலைநாட்டுக் குளிர் நமக்கு உதவி. கொழும்பில் இருக்கும் என் மைத்துனி இதே வேலையை மின்விசிறிக்குக் கீழே, பாதியில் இரண்டு தடவை பிரிஜில் வைத்து எடுத்து எடுத்துச் செய்கிறாள். எங்கள் அடுப்படியில் மார்கழி, தை மாதக் காலையில் மேசையில் வைத்த பட்டரே இறுகிக் கிடக்கும். இறைச்சிக் கொழுப்பு எங்கே உருகப் போகிறது.

அரைக்கும்போது சல்லடையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருங்கள். நன்றாக அரைபட்டால் ஒவ்வொரு துளையிலிருந்தும் தனித்தனி நூலாக இறங்கும். அந்த நூலில் சிவப்பு தனியாக, வெள்ளை தனியாகத் தெரியும், அரிசியும் குரக்கனும் (கேழ்வரகும்) கலந்து கொட்டிய மாதிரி. கைப்பிடி ஒரே சீராகச் சுற்றும், சின்னதாக நறநற என்று ஒரு சத்தம் வரும். கொழுப்பு சூடாகிவிட்டால் இந்த முகமே மாறிவிடும். நூல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, இளஞ்சிவப்பில் களி மாதிரி வழியும், கைப்பிடி கனக்கும். அப்படிக் கண்டால் உடனே நிறுத்துங்கள். எல்லாவற்றையும் மறுபடி ஐஸ் தட்டில் வைத்து, கத்தியில் சவ்வு சுற்றியிருக்கிறதா என்று திறந்து பாருங்கள். களியான இறைச்சியில் கொழுப்பு வெளியே பூசிக்கொண்டிருக்கிறது. கல்லில் போட்டதும் அது முதலில் உருகி ஓடிவிடும். நீங்கள் சேர்த்த 200 கிராமும் எண்ணெயாகக் கல்லில் நிற்கும், பர்கர் வறண்டு போகும்.

பெரிய துளைத் தட்டில் ஒரே தடவை அரைத்தால் போதும். வயது போன மாடு, நார் தெரிகிறது என்றால் மட்டும் இரண்டாம் தடவை.

மெஷின் இல்லாத வீடுதான் அதிகம். அவர்கள் கனமான இரண்டு கத்தியை எடுத்து, பலகையில் வைத்துக் கொத்துங்கள். கொத்து ரொட்டிக்காரர் கொத்துகிற மாதிரி இரண்டு கையாலும், மடித்து மடித்து, ஒரு கிலோவுக்கு இருபது நிமிடம் ஆகும். கை வலிக்கும், ஆனால் நான் சாப்பிட்டதில் மிக நல்ல பர்கர்களில் சில அப்படிக் கொத்திச் செய்தவை. பிளெண்டர் கடைசி வழி. பாதி உறைந்த துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, விட்டு விட்டு இரண்டு விநாடி மட்டும் சுற்றுங்கள். தொடர்ந்து ஓட விட்டால் களிதான்.

தட்டுவது

தோஹாவில் எனக்கு வேலை பழக்கியவர் ஒரு பிலிப்பைன்ஸ்காரர். முதல் நாள் நான் ரொட்டி மா பிசைகிற மாதிரி இறைச்சியைப் பிசைந்ததைக் கண்டு, என் இரண்டு கையையும் பிடித்து நிறுத்தினார். பிறகு ஒரு உருண்டையை எடுத்து, பிள்ளையின் தலையைத் தடவுவது போல மெதுவாகத் தட்டிக் காட்டினார். பிசையப் பிசைய இறைச்சி இறுகி ரப்பர் மாதிரி ஆகும். நூல்களுக்கு இடையில் இருக்கும் சின்னச் சின்ன இடைவெளிதான் சாற்றைப் பிடித்து வைக்கிறது.

ஆகவே அரைத்ததை எட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றும் 120 கிராமுக்குக் கொஞ்சம் கூட வரும், உருண்டையாக்கி, எண்ணெய்த் தாளின் மேல் வைத்து வட்டாகத் தட்டுங்கள். கனம் சுமார் ஒன்றரை சென்றிமீற்றர். அகலம் பணிஸை விட ஒரு விரல் கூட இருக்க வேண்டும், சுடும்போது சுருங்கும். நடுவில் பெருவிரலால் ஒரு சின்னக் குழி போடுங்கள். இறைச்சி ஓரத்திலிருந்து சுருங்கும்போது நடுப்பகுதி பந்து மாதிரி எழும்பும். குழி போட்டால் சமமாக நிற்கும்.

உப்பை உள்ளே சேர்க்காதீர்கள். இதை நம்பாமல் பலர் என்னோடு வாதாடியிருக்கிறார்கள். உப்பு இறைச்சியில் உள்ள புரதத்தைக் கரைத்து, பசை மாதிரி ஒட்ட வைக்கும். சொசேஜுக்கு அதுதான் தேவை, அதனால்தான் சொசேஜ் கடித்தால் துள்ளுகிறது. பர்கர் உதிர வேண்டும். சந்தேகம் இருந்தால் ஒரே இறைச்சியில் ஒன்றுக்கு உள்ளே உப்பு கலந்து அரை மணி நேரம் வைத்தும், ஒன்றுக்கு மேலே தூவியும் செய்து கடித்துப் பாருங்கள். கல்லில் வைப்பதற்குச் சற்று முன்னால், வட்டு ஒன்றுக்குக் கால் தேக்கரண்டி உப்பு, இரண்டு பக்கமும் சேர்த்து. மிளகை அப்போதே உரலில் இடித்து, கொரகொரப்பாகத் தூவுங்கள். மாத்தளைப் பக்கத்து மிளகு கிடைத்தால் வேறு எந்தத் தூளும் தேவைப்படாது. இஞ்சி, பூண்டு, கறித்தூள் போட வேண்டும் என்று கை துடிக்கும். அந்த ஆசையை சோஸில் தீர்த்துக்கொள்ளலாம், கீழே சொல்கிறேன்.

சுடுவது

இதற்கென்று தனிப் பாத்திரம் வாங்க வேண்டாம். தினமும் ரொட்டி சுடும் இரும்புக் கல் எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதைவிட நல்லது கிடைக்காது. இரும்பு கனமாக இருப்பதால், குளிர்ந்த இறைச்சியை வைத்ததும் சூடு இறங்கிவிடாது. ஒட்டாத மெல்லிய தாச்சியில் இறங்கிவிடும், இறைச்சி தண்ணீர் விட்டு அவியும். இறைச்சியின் மேல்புறம் 140 பாகை செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் அந்தக் கபில நிறமும் வறுத்த வாசமும் பிறக்கும். தண்ணீர் நிற்கும் வரை அந்தச் சூடு வராது. எங்கள் உயரத்தில் தண்ணீர் 96 பாகையிலேயே கொதித்துவிடும், அதனால்தான் ஹட்டனில் பருப்பு வேக அவ்வளவு நேரம் எடுக்கிறது. கல்லில் சுடுவதற்கு அந்தத் தடை கிடையாது. இரும்பு எவ்வளவு சூடாகுமோ அவ்வளவு சூடாகும்.

கல்லை நல்ல தீயில் ஐந்து நிமிடம் காய வையுங்கள். விறகடுப்பு என்றால் கொழுந்துவிட்டு எரியும் தீ அடங்கி, தணல் நிறைந்து நிற்கும் நேரம் சரி. அரைத் தேக்கரண்டி எண்ணெய் தடவுங்கள். லேசாகப் புகை தெரிந்ததும் வட்டுகளை வையுங்கள், ஒரு தடவைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். வைத்ததும் பெரிய சத்தம் வர வேண்டும், தகரத்தில் மழை பெய்கிற மாதிரி. சொய்ங் என்று மெலிதாக மட்டும் கேட்டால் கல் காயவில்லை, எடுத்துவிட்டு இன்னும் காத்திருங்கள்.

நான்கு நிமிடம் தொடக் கூடாது. அகப்பையால் அழுத்திப் பார்க்க மனம் வரும், அழுத்தினால் சாறு கல்லில் போய்விடும். ஓரத்தைப் பாருங்கள். கீழிருந்து சாம்பல் நிறம் மேலே ஏறி வரும், ஓரத்தில் கொழுப்பு சின்னச் சின்னக் குமிழியாகப் பொரியும், மேலே ஒன்றிரண்டு முத்துச் சாறு பூக்கும். அப்போது தட்டையான அகப்பையைக் கல்லோடு ஒட்டி உள்ளே விட்டுப் புரட்டுங்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னும் அரை நிமிடம் விடுங்கள், சிவந்ததும் தானாகவே விட்டுவிடும். மற்றப் பக்கம் மூன்று நிமிடம், தீயைக் கொஞ்சம் குறைத்து. சீஸ் வேண்டுமென்றால் கடைசி ஒரு நிமிடத்தில் வைத்து மூடி போடுங்கள்.

உள்ளே சிவப்பாக விட்டுச் சாப்பிடும் பழக்கத்தைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அரைத்த இறைச்சியில் அது வேண்டாம். முழுத் துண்டில் கிருமி வெளிப்பக்கத்தில்தான் இருக்கும், கல்லின் சூட்டில் செத்துவிடும். அரைக்கும்போது அந்த வெளிப்பக்கம் முழுவதும் உள்ளே கலந்துவிடுகிறது. பிள்ளைகளுக்கும் வயது போனவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது ஆபத்து. நடுவில் 71 பாகை செல்சியஸ் வர வேண்டும். சின்ன வெப்பமானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பக்கவாட்டில் இருந்து நடு வரைக்கும் குத்திப் பாருங்கள். நிறம் சில நேரம் ஏமாற்றும், 71 ஆகும் முன்பே பழுப்பாகிவிடும். வெப்பமானி இல்லாத வீட்டில் ஒன்றை நடுவில் வெட்டிப் பாருங்கள், சிவப்பு கொஞ்சமும் இல்லாமல், சாறு தெளிவாக ஓட வேண்டும். பிறகும் மற்றவற்றை ஒரு நிமிடம் கூட வைத்து எடுங்கள். போதிய கொழுப்பு சேர்த்திருந்தால் முழுதாக வெந்தும் வறளாது. நாம் 200 கிராம் சேர்த்ததன் அருமை இங்கேதான் தெரியும்.

எடுத்ததும் தட்டில் இரண்டு நிமிடம் வையுங்கள். பச்சை இறைச்சி வைத்த தட்டில் வேண்டாம், வேறு தட்டு.

மெல்லியதாக, ஓரம் முறுகலாக வேண்டும் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. 60 கிராம் உருண்டையாகவே கல்லில் வைத்து, முதல் அரை நிமிடத்துக்குள் மட்டும் எண்ணெய்த் தாளை மேலே வைத்துக் கனமான அகப்பையால் பலமாக அழுத்திவிடுங்கள். அந்த நேரத்தில் கொழுப்பு இன்னும் உருகவில்லை, அதனால் சாறு போகாது. பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம் போதும். ஒரு பணிஸில் இரண்டு வையுங்கள். விறகடுப்புக்கு எனக்கு இதுதான் பிடிக்கும்.

பணிஸும் கூட வைப்பவையும்

பணிஸ் வீட்டிலும் செய்யலாம், ஆனால் இந்தக் குளிரில் மா பொங்குவதற்குள் அரை நாள் போய்விடும். நான் பேக்கரியில் வாங்குகிறேன். தேத்தண்ணிக்குத் தொட்டுத் தின்கிற இனிப்புப் பணிஸ் வேண்டாம், சீனி இறைச்சியோடு சண்டை போடும். நடுவே வெட்டி, வெட்டிய முகத்தில் பட்டர் தடவி, இறைச்சி சுட்ட அதே கல்லில் கவிழ்த்து ஒரு நிமிடம் வாட்டுங்கள். வாட்டாத பணிஸ் சாற்றைக் குடித்து, கையில் பிடிக்கும் முன் பிய்ந்துவிடும்.

கூட வைப்பதில் மலைநாட்டுக்காரருக்குக் குறையே இல்லை. நான் எப்போதும் வைப்பது லீக்ஸ். வெள்ளைத் தண்டை மெல்லிய வளையமாக அரிந்து, இறைச்சி எடுத்த பிறகு கல்லில் நிற்கும் கொழுப்பிலேயே போட்டு, ஒரு சிட்டிகை உப்பு தூவி, தணலில் பத்து நிமிடம் வதக்குங்கள். இனிப்பாகி, வெண்ணெய் மாதிரி மெதுவாகிவிடும். லீக்ஸின் மடிப்புக்குள் மண் ஒளிந்திருக்கும், நீளவாக்கில் பிளந்து கழுவுங்கள். அவித்த பீட்ரூட்டை வட்டமாக வெட்டி, வினாகிரி, சீனி, உப்பு, இடித்த கடுகு சேர்த்து ஒரு இரவு ஊற வைத்தும் வைப்பேன். அவுஸ்திரேலியாவில் பர்கரில் பீட்ரூட் வைப்பது சாதாரண வழக்கம். எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இப்போது அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். சலாது இலை, தக்காளி எல்லாம் உங்கள் விருப்பம், ஈரம் இல்லாமல் துடைத்து வையுங்கள்.

சோஸுக்கு மயோனைஸ் மூன்று கரண்டி, தக்காளி சோஸ் ஒரு கரண்டி, கட்டச்சம்பல் (இடித்த மிளகாய்ச் சம்பல்) அரைக் கரண்டி, நாலு துளி தேசிக்காய்ப் புளி. கறித்தூளைத் தேடிய நாக்கு இதில் அடங்கிவிடும்.

அடுக்கும்போது கீழ்ப் பணிஸில் சோஸ், அதன் மேல் சலாது இலை, பிறகு இறைச்சி, அதன் மேல் லீக்ஸ், பீட்ரூட். இலை கீழே இருந்தால் சாறு பணிஸில் இறங்காது. உருளைக்கிழங்குப் பொரியல் வேண்டுமானால் முதலிலேயே பொரித்து வைத்துக்கொள்ளுங்கள், பர்கர் காத்திருக்காது.

மாடு சாப்பிடாதவர்கள் இருக்கும் வீட்டில்

எங்கள் லயத்தில் முக்கால்வாசிப் பேர் மாட்டிறைச்சி தொடாதவர்கள். ஒரே சுவர், ஒரே கூரை, வாசம் எல்லா வீட்டுக்கும் போகும். அவர்கள் ஒருநாளும் எங்களை எதுவும் சொன்னதில்லை. அந்தப் பெருந்தன்மைக்கு நாமும் சரியாக நடக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். பக்கத்து வீட்டில் விரதம், திருவிழா, மாலை போட்டிருக்கிறார்கள் என்றால் அந்த நாளில் செய்வதில்லை. மாட்டுக்கென்று ஒரு கல், ஒரு அகப்பை, ஒரு பலகை தனியாக வைத்திருக்கிறோம். விருந்துக்கு அவர்கள் பிள்ளைகளும் வந்தால் கோழித் தொடை இறைச்சியைத் தோலோடு கொத்தி, வேறு கல்லில், முதலில் சுட்டுவிடுவேன். கோழிக்கு 74 பாகை. எது எதில் இருக்கிறது என்று பிள்ளைகளின் அம்மாவிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் தட்டைக் கொடுப்பேன்.

மிச்சம்

சுடாத வட்டுகளை, இடையிடையே எண்ணெய்த் தாள் வைத்து அடுக்கி, காற்றுப் புகாமல் கட்டி ஐஸில் வைத்தால் இரண்டு மூன்று மாதம் ருசி கெடாது. சுடும் நாளுக்கு முதல் நாள் இரவே பிரிஜின் கீழ்த் தட்டுக்கு மாற்றுங்கள். வெளியே வைத்து உருக விடக் கூடாது, எங்கள் குளிரிலும்தான். ஐஸில் வைக்காத பச்சை அரைத்த இறைச்சியை மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள்.

மெஷினைக் கழற்றும் முன், அம்மா காய்ந்த பாண் துண்டு இரண்டை உள்ளே போட்டுச் சுற்றுவார். தாத்தா பழக்கியது. உருளைக்குள் நிற்கும் கடைசி இறைச்சியைப் பாண் தள்ளிக்கொண்டு வரும், ஒரு கைப்பிடியாவது தேறும். பிறகு கொதிநீரும் சோப்பும் போட்டுக் கழுவி, அடுப்பு மேட்டில் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகக் காய வைத்து, தேங்காய் எண்ணெய் தொட்டுத் தடவி, துணியில் சுற்றி வைப்போம். இத்தனை வருடத்தில் ஒரு துரு கிடையாது. அந்தக் கைப்பிடிப் பாணும் இறைச்சியும் வீணாகாது. வெங்காயம், கறிவேப்பிலையோடு நன்றாக வதக்கி, இரண்டு அவித்த கிழங்கைச் சேர்த்து, முட்டையில் தோய்த்துப் பாண்தூளில் புரட்டி, இரவுக்கு அம்மா கட்லட் பொரித்துவிடுவார்.